மேல் போர்ஷனில் இருப்பவர் யார்?

மறைமலைநகரில் விற்பனைக்கு வரும் வீடுகளில் ஒரு வகையைத் தெருமுனையிலிருந்தே அடையாளம் கண்டுவிடலாம். கீழே ஒரு போர்ஷன், மேலே ஒரு போர்ஷன், பக்கவாட்டில் வெளிப்படிக்கட்டு. மின்மீட்டர் இரண்டு; சம்ப், போர், செப்டிக் டேங்க் எல்லாம் ஒன்று. புரோக்கர் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: “ரெண்டு ஃபேமிலி தாராளமா இருக்கலாம். கீழ நீங்க இருந்துக்கிட்டு மேல வாடகைக்கு விடலாம். அமைதியான ஏரியா. கிளியர் டைட்டில்.” முதல் மூன்றும் உண்மையா என்று நேரில் போனால் தெரிந்துவிடும். நான்காவது அப்படித் தெரியாது.

இந்த ஊர் உருவான விதமும் இதற்கு ஒரு காரணம். சென்னையின் நெரிசலைக் குறைக்க, ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி, சி.எம்.டி.ஏ. திட்டமிட்டு எழுப்பிய துணைநகரம் இது. மறைமலையடிகளின் பெயரைச் சூட்டி, என்.எச்.1, என்.எச்.2 என்று குடியிருப்புப் பகுதிகளுக்கு எண்ணிட்டு மனைகளைப் பிரித்தார்கள். அன்று மனை ஒதுக்கீடு பெற்றவர் தவணை கட்டினார், கடன் வாங்கிக் கீழ்த்தளம் போட்டார். பிள்ளைகள் தலையெடுத்த பின் மாடி எழுந்தது. அந்த முதல் தலைமுறையினர் இப்போது ஒவ்வொருவராக மறைந்துவருகிறார்கள். மாடி பெரியவனுக்கு, கீழ்வீடு சின்னவனுக்கு என்று பிள்ளைகள் வாய்ச்சொல்லில் பிரித்துக்கொண்டிருப்பார்கள். பட்டாவில் அப்பா பெயர் அப்படியே நிற்கும். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு இந்தப் பக்கம் வீடு விசாரிப்பவர்கள் வந்துபோகிறார்கள். விற்றுவிட்டுப் பணத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்று பிள்ளைகளுக்குத் தோன்றுவதில் வியப்பில்லை.

வாங்குபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் இருக்கிறது. ஒரு வீட்டில் யார் நேரடியாகக் குடியிருக்கிறாரோ, அவருக்கு அதில் ஏதேனும் உரிமை இருந்தால், அது வாங்குபவருக்குத் தெரிந்திருந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். “அவர் வாடகைக்கு இருக்கார்னு ஓனர் சொன்னார், நம்பிட்டேன்” என்பது நீதிமன்றத்தில் எடுபடாது. மாடிப்படி ஏறி, கதவைத் தட்டி, “நீங்க யாருங்க, எந்த உரிமையில இருக்கீங்க?” என்று கேட்டிருக்க வேண்டியவர் நீங்கள்தான். ஒற்றைக் குடும்பம் வாழும் வீட்டில் விற்பவரே குடியிருப்பார், கேள்வி எழாது. இரண்டு குடும்பம் இருக்கும் வீட்டிலோ பாதி வீட்டில் வேறொருவர் இருக்கிறார். அவர் அண்ணனா, அண்ணியா, அம்மாவா, வாடகைக்காரரா, லீஸுக்கு வந்தவரா என்பதைப் பொறுத்து நீங்கள் வாங்கப்போகும் பொருளே மாறிவிடும்.

அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து விற்க வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்பா சுயமாகச் சம்பாதித்து வாங்கிய மனை. உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அக்கா ஒருவர் இருப்பதாகப் பேச்சுவாக்கில் தெரிகிறது. “அதெல்லாம் நகை போட்டு, சீர் செஞ்சு அனுப்பியாச்சு சார். ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அதுவும் 89க்கு முன்னாடியே கல்யாணம் ஆயிடுச்சு, சட்டப்படியே பங்கு கிடையாது.” இந்தப் பதிலைச் சொல்பவர் பெரும்பாலும் ஏமாற்றுவதற்காகச் சொல்வதில்லை, உண்மையிலேயே அப்படித்தான் நம்புகிறார். ஆனால் தப்பு. 1989இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தமும் 2005 செப்டம்பர் 9 முதல் நடப்புக்கு வந்த மத்தியத் திருத்தமும் பரம்பரைக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கு உள்ள உரிமையைப் பற்றியவை. அப்பாவின் சுயசம்பாத்தியத்துக்கு அந்தத் தேதிகளோடு சம்பந்தமில்லை. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவுப்படியே மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. மணமானவரா இல்லையா என்ற கேள்வியே கிடையாது. அண்ணன் தம்பிகள் குடியிருக்கும் வீட்டைப் பிரித்துத் தா என்று பெண் வாரிசு கேட்க முடியாதபடி முன்பு ஒரு தடை இருந்தது. அந்த 23ஆம் பிரிவும் 2005இல் நீக்கப்பட்டுவிட்டது. நகை போட்டது பாசத்தால் செய்தது. பங்கை விட்டுக்கொடுத்ததற்கு அது ஆதாரமாகாது. அதற்குப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும்.

கிறிஸ்தவக் குடும்பமானால் 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம்: மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு ஆண் பெண் பேதமில்லாமல். முஸ்லிம் குடும்பத்தில் மகனுக்குரியதில் பாதி மகளுக்கு. எந்தச் சட்டத்திலும் மகளின் பங்கு பூஜ்யமாக இல்லை.

அதிகம் பேர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு: பாட்டி. இந்து ஆண் ஒருவர் உயில் இல்லாமல் இறக்கும்போது அவருடைய தாய் உயிரோடு இருந்தால் அவரும் முதல் வகுப்பு வாரிசு. மனைவி, தாய், இரண்டு மகன்கள், ஒரு மகள் என்றால் ஐந்து சம பங்கு. சில ஆண்டுகள் கழித்து அந்தப் பாட்டியும் போய்ச் சேர்கிறார். அவருடைய ஐந்தில் ஒரு பங்கு பேரன்களிடம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது. பாட்டியின் எல்லாப் பிள்ளைகளுக்கும் பிரியும். பாட்டிக்கு இறந்தவரோடு சேர்த்து மூன்று பிள்ளைகள் என்றால், சித்தப்பாவுக்குப் பதினைந்தில் ஒரு பங்கு, அத்தைக்குப் பதினைந்தில் ஒரு பங்கு. மதுரையிலோ மலேசியாவிலோ இருக்கும் அந்த அத்தை இந்த வீட்டை நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார். அவருடைய மகன் ஒருநாள் நினைத்துப் பார்ப்பான். ஆகவே தாசில்தார் தந்த வாரிசுச் சான்றை வாங்கிப் பார்ப்பதோடு நில்லாமல், அதிலுள்ள ஒவ்வொருவரும் இன்று உயிரோடு இருக்கிறாரா, இல்லையென்றால் அவருக்கு வாரிசு யார் என்று அடுத்த படிக்கும் போக வேண்டும். இறந்துபோன மகன் இருந்தால் அவருடைய மனைவியும் பிள்ளைகளும் அந்த இடத்தில் நிற்பார்கள். அந்தப் பிள்ளைகளில் மைனர் இருந்தால், 1956ஆம் ஆண்டு இந்து மைனர், காப்பாளர் சட்டம் இன்னொரு நிபந்தனை வைக்கிறது. பிள்ளையின் பங்கைத் தாய் விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் விற்றால், பிள்ளை மேஜரான பின் மூன்று ஆண்டுகளுக்குள் அந்த விற்பனையை ரத்து செய்யக் கேட்கலாம்.

இவ்வளவு கேட்டால் விற்பவர் முகம் சுளிப்பார். “வேற பார்ட்டி ரெடியா இருக்கு” என்பார் புரோக்கர். அவர்களுக்குச் சொல்ல வேண்டிய கணக்கு இது: குடும்பத்தினருக்குள் எழுதும் பாகப்பிரிவினை, விடுதலை, செட்டில்மென்ட் பத்திரங்களுக்குத் தமிழ்நாட்டில் கட்டணம் குறைவு. 2023 ஜூலை உயர்வுக்குப் பிறகும் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. நீங்கள் வாங்கும்போது கட்டப்போவதோ 9 சதவீதம். 60 லட்ச ரூபாய் வீட்டுக்கு 5,40,000. அவ்வளவு செலவழித்து நீங்கள் பதிகிற பத்திரத்தில் ஓட்டை இருக்கக் கூடாது என்றால், விற்கும் குடும்பம் முதலில் தன் கணக்கைச் சரிசெய்துகொண்டு வரட்டும். அல்லது வாரிசுகள் அத்தனை பேரும் உங்கள் கிரயப் பத்திரத்திலேயே விற்பவர்களாகக் கையெழுத்திடட்டும். வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பவர் பத்திரம் அனுப்பலாம். அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். பவர் வைத்திருப்பவர் கையெழுத்திடும் நாளில், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றும் வேண்டும். ஆனால் பவர் பத்திரத்தையே விற்பனையாக நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். அது உரிமையை மாற்றாது என்று 2011இல் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

இன்னொரு ஆசை காட்டல் உண்டு. “அண்ணன் இப்ப விக்கல. என் மாடி போர்ஷன் மட்டும் வாங்கிக்கோங்க, பாதி விலைக்கு முடிச்சுடலாம்.” பதிவு செய்த பாகப்பிரிவினை இல்லாத வீட்டில் தம்பிக்கு மாடி என்று தனியாக ஒன்று கிடையாது; முழு வீட்டிலும் பிரிபடாத ஒரு பங்குதான் உண்டு. அதை நீங்கள் வாங்கலாம். ஆனால் பிரிக்கப்படாத குடும்பக் குடியிருப்பு வீட்டில் பங்கு வாங்கிய வெளியாள், அந்தக் குடும்பத்தோடு சேர்ந்து குடியிருக்கும் உரிமை கோர முடியாது என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 44ஆம் பிரிவு. சரி, பாகம் கேட்டு வழக்குப் போடலாம் என்றால், 1893ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு காத்திருக்கிறது: நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு உங்கள் பங்கை அண்ணனே வாங்கிக்கொள்ள முன்வரலாம், நீங்கள் கொடுத்தாக வேண்டும். பணம் கொடுத்து வழக்கை வாங்குவது என்பது இதுதான்.

கீழ்ப்போர்ஷனில் வயதான அம்மா இருக்கிறார், வீட்டை மகன் பெயருக்குச் செட்டில்மென்ட் எழுதிக்கொடுத்துவிட்டார், மகன் விற்கிறார். இதுவும் அடிக்கடி வரும் வகை. செட்டில்மென்ட் பத்திரத்தை வரிவரியாகப் படியுங்கள். ‘என் ஆயுள்காலம் வரை நானே அனுபவித்துக்கொள்வது’ என்று ஒரு வரி இருந்தால், அம்மா உள்ளவரை உங்களுக்கு அந்த வீடு காகிதத்தில் மட்டும்தான். அப்படி வரி இல்லாவிட்டாலும், பராமரிப்பேன் என்ற நிபந்தனையின் பேரில் எழுதி வாங்கிவிட்டுக் கைவிட்ட பிள்ளையின் பத்திரத்தை ரத்து செய்ய, 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவு தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் தருகிறது. 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவுக்குப் பெற்றோர் பக்கம் சாய்ந்த தாராளமான பொருளே தந்தது. அம்மாவைச் சந்தியுங்கள். மகன் பக்கத்தில் இல்லாதபோது சந்தித்தால் இன்னும் நல்லது. முடிந்தால் கிரயப் பத்திரத்தில் அவரும் சம்மதக் கையெழுத்திடட்டும். மாடியில் இருப்பவர் கணவனோடு வழக்காடிக்கொண்டிருக்கும் மருமகள் என்றாலும் எச்சரிக்கை தேவை. மாமனார் பெயரில் உள்ள வீடாக இருந்தாலும், மருமகள் அங்கே வாழ்ந்த வீடு என்ற நிலையில் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி வசிக்கும் உரிமை கேட்க முடியும் என்று 2020இல் தீர்ப்பு வந்திருக்கிறது.

இனி வாடகைக்காரர். மறைமலைநகர், காட்டாங்குளத்தூர், பொத்தேரி பக்கம் தொழிற்சாலை ஊழியர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் மாடிப் போர்ஷன்களை நிரப்புகிறார்கள். வீடு கைமாறியது என்ற ஒரே காரணத்துக்காக அவர்கள் வெளியேற வேண்டியதில்லை. பழைய உரிமையாளரின் இடத்தில் நீங்கள் வந்து உட்காருகிறீர்கள், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கும் வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும். வெளியேற்றக் கேட்டுப் போக வேண்டிய இடம் வாடகை நீதிமன்றம். தண்ணீரை நிறுத்தினாலோ ஃபியூஸைப் பிடுங்கினாலோ அந்தச் சட்டப்படியே தவறு உங்கள் மேல்தான் திரும்பும்.

வாடகையை விட ஆபத்து லீஸ். நம் ஊர்ப் பேச்சில் லீஸ், போக்கியம், ஒத்தி என்று எப்படிச் சொன்னாலும் விஷயம் ஒன்று: ஐந்தோ ஏழோ லட்சத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் குடியிருப்பது, காலி செய்யும்போது முழுப் பணத்தையும் திரும்பப் பெறுவது. இது பெரும்பாலும் ஒரு முத்திரைத்தாளோடு முடிந்துவிடுகிறது. பதிவு செய்யாததால் வில்லங்கச் சான்றில் (ஈ.சி.) வராது. முப்பது ஆண்டுக்கு ஈ.சி. போட்டு ‘நில்’ என்று பார்த்து மகிழ்ந்தவர், பால் காய்ச்சப் போகும் நாளில் மாடியிலிருந்து ஒருவர் இறங்கி வந்து “என் ஏழு லட்சம்?” என்று கேட்பதை எதிர்பார்த்திருக்க மாட்டார். விற்றவர் அந்தப் பணத்தை எப்போதோ செலவழித்திருப்பார். பணம் வராமல் குடித்தனக்காரர் இறங்கமாட்டார், அவர் பக்கம் நியாயமும் இருக்கிறது. முன்கூட்டியே தெரிந்தால் வழி சுலபம். விற்பவர், வாங்குபவர், குடியிருப்பவர் மூவரும் கையெழுத்திட்ட ஒரு கடிதம். கிரயத் தொகையிலிருந்து லீஸ் பணத்துக்குக் குடியிருப்பவர் பெயரிலேயே ஒரு டி.டி.; பதிவு நாளன்று சாவி. லீஸுக்குப் போகிறவர்களும் இதையே திருப்பிப் படித்துக்கொள்ளலாம்: நீங்கள் கொடுப்பது சிறு தொகையல்ல, அதைப் பதிவு செய்து வாங்குங்கள்.

ஈ.சி. காட்டாதவை இன்னும் சில. உயில் காட்டாது. மரணம் காட்டாது. நீதிமன்றத்தில் நடக்கும் பாக வழக்கு பெரும்பாலும் காட்டாது. இ-கோர்ட்ஸ் தளத்தில் விற்பவர்களின் பெயரைப் போட்டுச் செங்கல்பட்டு நீதிமன்றங்களில் தேடிப் பார்க்க வேண்டும். வழக்கு நடக்கும்போது வாங்கியவரைத் தீர்ப்பு கட்டுப்படுத்தும், வழக்கு இருப்பது அவருக்குத் தெரியாவிட்டாலும். மூலப் பத்திரங்களை அசலாகக் கையில் வாங்கிப் பாருங்கள். ‘தொலைந்துவிட்டது’ என்றால் அது எந்த வங்கியிலாவது இருக்கலாம். சி.எம்.டி.ஏ. ஒதுக்கிய மனையில் ஒதுக்கீட்டு ஆணையும் தவணை ரசீதும் மட்டும் இருந்து, கிரயப் பத்திரம் வாங்காமலே விட்டிருந்தால், விற்பவரிடம் விற்க உரிமை இன்னும் வந்து சேரவில்லை என்று பொருள். சுற்றியுள்ள கிராமங்களின் பழைய தனியார் மனைப்பிரிவுகளில், 2017 வரன்முறைத் திட்டத்தில் மனை முறைப்படுத்தப்பட்டதா என்றும் கேட்க வேண்டும்.

கட்டட அனுமதியில் இந்த வகை வீடுகளுக்கே உரிய குறை, கீழ்த்தளத்துக்கு மட்டும் வரைபடம் இருப்பது. மாடி பிறகு ‘சும்மா’ எழுப்பப்பட்டது. வங்கி மதிப்பீட்டாளர் வந்து பார்த்துவிட்டுக் கீழ்த்தளத்துக்கு மட்டும் கடன் தருவார். விலையோ இரண்டு தளத்துக்கும் பேசியிருப்பீர்கள். 2024 ஜூலையில் வந்த சுயசான்று அனுமதி, 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமும் முதல் தளமும் புதிதாகக் கட்டுபவர்களுக்குப் பெரிய உதவி. எப்போதோ அனுமதியின்றிக் கட்டிய மாடியை முறைப்படுத்துவதற்கு அது வழியல்ல.

விற்பவர் எல்லாவற்றுக்கும் ஒத்துவந்தால் ஒப்பந்தம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். பதியாத ஒப்பந்தத்தை வைத்தும், ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரும் வழக்கில் சாட்சியம் தரலாம் என்று 2023இல் ஹேமலதா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆனால் அது கெட்டுப்போன பிறகு குடிக்கும் மருந்து. பதிந்தால் ஈ.சி.யில் ஏறும், இன்னொரு பார்ட்டிக்கு அதே வீட்டைக் காட்டுவது கடினமாகும். அட்வான்ஸை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கும் விற்பவருக்கு வருமான வரித்துறை அதே அளவு தண்டம் விதிக்கலாம். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீதம் டி.டி.எஸ். பிடிக்க வேண்டியவர் நீங்கள். விற்பவர்கள் ஐந்து வாரிசுகள், ஒவ்வொருவர் பங்கும் 12 லட்சம்தானே என்று தப்பிக்க முடியாது. 2024 அக்டோபர் முதல் மொத்த விலைதான் கணக்கு. அவர்களில் ஒருவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் அவர் பங்குக்கு வேறு விகிதம், மிக அதிகம். ஆடிட்டரைக் கேட்காமல் பணம் அனுப்ப வேண்டாம்.

இரண்டு குடும்பங்கள் சேர்ந்து இப்படி ஒரு வீட்டை வாங்கி ஆளுக்கொரு தளமாக இருப்பதும் நடக்கிறது. நல்ல யோசனைதான், எழுதிக்கொண்டால். அடிநிலத்தில் ஆளுக்கு எவ்வளவு பங்கு, மொட்டைமாடி யாருக்கு, நாளை இரண்டாம் தளம் எழுப்பும் உரிமை யாருக்கு, கார் நிறுத்துமிடம் எது, மோட்டார் கரண்ட் பில் எந்த மீட்டரில், செப்டிக் டேங்க் நிரம்பினால் யார் செலவு, ஒருவர் விற்க நினைத்தால் மற்றவரிடம் முதலில் கேட்க வேண்டுமா? சொந்த மச்சானாகவே இருந்தாலும் இதெல்லாம் பத்திரத்தில் ஏற வேண்டும். மொட்டைமாடியை மட்டும் எழுதாமல் விட்டாலே போதும், வற்றல் காயப்போடுவதில் ஆரம்பிக்கும்.

சிக்கல் வந்தபின் என்ன வழி? ‘பதிவாகிவிட்டது, இனி பயமில்லை’ என்ற நம்பிக்கையை விட்டுவிட வேண்டும். விற்பவருக்கு உரிமை உண்டா என்று தீர்மானிப்பது சார்பதிவாளரின் வேலையல்ல என்று 2025 ஏப்ரலில் கோபி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறி, தமிழ்நாட்டுப் பதிவு விதிகளில் 55ஏ(i) விதியை ரத்து செய்தது. மோசடிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யப் பதிவுச் சட்டத்தில் 2022இல் கொண்டுவந்த 77ஏ பிரிவையும் 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. ஆக, உரிமைத் தகராறுக்குச் சிவில் நீதிமன்றம்தான் இடம். விடுபட்ட அக்கா பாக வழக்குப் போட்டு, விற்பனைக்கு இடைக்காலத் தடை கேட்கலாம். தம்பிகள் பல ஆண்டாகக் குடியிருப்பதால் மட்டும் அவர் பங்கு அழியாது. பத்திரப்பதிவு அலுவலகத்தில் ஒரு ஆட்சேப மனு கொடுத்துவிட்டு வீட்டில் இருந்துவிட்டால் போதாது.

அட்வான்ஸ் கொடுத்து ஏமாந்தவருக்கு, ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கேட்க மூன்று ஆண்டு அவகாசம். அந்த வழக்கிலேயே ‘அல்லது பணத்தைத் திருப்பித் தரவேண்டும்’ என்ற மாற்றுப் பரிகாரத்தையும் சேர்த்துக் கேட்க வக்கீலிடம் சொல்லுங்கள். கேட்காததை நீதிமன்றம் தராது. கொடுத்த அட்வான்ஸுக்கு அந்தச் சொத்தின் மேலேயே பிடிமானமும் சட்டத்தில் உண்டு, தவறு உங்கள் பக்கம் இல்லாதவரை. ஆள்மாறாட்டம், போலிப் பத்திரம் என்றால் காவல்துறையின் நில அபகரிப்புத் தடுப்புச் சிறப்புப் பிரிவு. ஏமாற்றுக் குற்றம் இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவுக்கு ஓடிப் பயனில்லை, தனியார் ஒருவர் தன் பழைய வீட்டை விற்பது அதன் எல்லைக்குள் வராது. பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞர் தரும். தொலைபேசி எண் 15100.

எந்தச் சிக்கலும் இல்லாமல் பதிவு முடிந்தவர்களுக்கும் வேலை பாக்கி இருக்கிறது. பட்டா மாற்றம், நகராட்சியில் வீட்டு வரிப் பெயர் மாற்றம், மாடியில் வாடகைக்காரர் தொடர்ந்தால் இனி வாடகை உங்களுக்கு, பழைய முன்பணம் உங்கள் பொறுப்பு என்று அவரோடு ஒரு புதிய ஒப்பந்தம். மின் இணைப்பு இரண்டு என்றால் பெயர் மாற்ற மனுவும் இரண்டு.